ஃபோர்ட்ரானில் நீளம் தெரியாத வரிகளைப் படிப்பது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஆராய்ச்சி மாணவர் நீங்கள். மழைமானி நிலையங்களின் பதிவுகள் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக உங்களிடம் இருக்கின்றன, அவற்றை ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியில் படிக்கிறீர்கள். சில வரிகளில் நாற்பது எழுத்துதான், யாரோ புண்ணியவான் கடைசியில் குறிப்பு எழுதி வைத்த வரிகள் முந்நூறைத் தாண்டுகின்றன. எழுத்துகளை வைக்கும் கேரக்டர் மாறியின் நீளத்தை 80 என்று வைத்தால் வரி வெட்டுப்படுகிறது, 10000 என்று வைத்தால் வால் முழுக்க வெற்றிடம் நிற்கிறது. ‘எவ்வளவு பெரிதாக வைத்தால் பாதுகாப்பு?’ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் கேட்க வந்தது அது இல்லை என்று தோன்றுகிறது. வரி எங்கே முடிந்தது என்று, ஃபைலைப் படிக்கச் சொல்லும் ரீட் கூற்று எனக்குச் சொல்லுமா, வந்த அளவுக்குத் தானே வளர்கிற மாறி ஒன்று உண்டா, இந்த இரண்டும்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டும் உண்டு. முதலாவது ஃபோர்ட்ரான் 90-இல் வந்தது, இரண்டாவது ஃபோர்ட்ரான் 2003-இல். இவை மொழியின் பதிப்புகள். உங்கள் கைக்கு வந்திருக்கும் பழைய நிரல் அவற்றுக்கு முந்தைய ஃபோர்ட்ரான் 77-ஐப் பார்த்து எழுதப்பட்டது என்பதால் இரண்டும் அதில் இல்லை, அவ்வளவுதான்.

நான் பெங்களூரில் முருகேஷ்பாளையத்தில் இருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் பொறியியல் கணக்கீட்டு நிரல்களோடு காலம் தள்ளியவன், அதில் பாதிக்கு மேல் ஃபோர்ட்ரான். அன்றாடம் கைபட்ட கம்பைலர்கள், அதாவது நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுபவை, ஜிஃபோர்ட்ரானும் இன்டெலும்தான். அதனால் மொழியின் அதிகாரபூர்வத் தரநிலை சொல்வது எது, இந்தக் கம்பைலர்களில் கண்டது எது என்று பிரித்தே சொல்கிறேன். இன்னொன்று, கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், மாறிகளுக்கும் தமிழ்ப் பெயர். நிரலில் அடிக்கும்போது எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் அடியுங்கள், ஃபோர்ட்ரான் மாறிப் பெயருக்குத் தமிழ் எழுத்தை ஏற்காது.

பைத்தானில் ஒரு வரியில் முடிகிற வேலை இங்கே ஏன் இப்படி இழுக்கிறது என்று அலுத்துக்கொண்டிருந்தீர்கள். அதற்குக் காரணம் அட்டை. ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரானை வெளியிட்டது 1957-இல். அன்றைக்கு வரி என்றால் 80 துளைப் பத்திகள் கொண்ட ஓர் அட்டை. அட்டை சிறிதாகவும் பெரிதாகவும் வராது, எதுவும் எழுதாத பத்தி வெற்றிடம். அட்டை போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அந்தப் பார்வை மட்டும் மொழிக்குள் தங்கிவிட்டது. ஃபோர்ட்ரானுக்கு ஃபைல் என்பது ரெக்கார்டுகளின் வரிசை, நம் டெக்ஸ்ட் ஃபைலில் ஒரு வரி ஒரு ரெக்கார்டு. சி மொழியைப் போல எழுத்துகளின் ஓட்டமாகப் பார்த்து, நடுவில் வரிமுடிவு எழுத்தைத் தேடுகிற வழக்கம் இதற்குக் கிடையாது. ரெக்கார்டு முடிந்தது என்பது இங்கே ஒரு நிகழ்ச்சி. அது நடந்ததா என்று நீங்கள் கேட்டால் ரீட் சொல்லும். கேட்காவிட்டால் வாயே திறக்காது.

வாயே திறக்காது என்று சும்மா சொல்லவில்லை. கேரக்டர்(லென்=80) என்ற மாறிக்குள் ரீட்(யூனிட்,'(ஏ)') வரி என்று படிக்கிறீர்கள் (யூனிட் என்பது திறந்த ஃபைலுக்கு வைத்த எண், '(ஏ)' என்றால் எழுத்தாகவே படி), ஃபைலில் உள்ள வரி 120 எழுத்து என்று வைத்துக்கொள்வோம். முதல் 80 உள்ளே வரும், மீதி 40 போய்விடும், அடுத்த ரீட் அடுத்த வரிக்குப் போய்விடும். பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. இது தரநிலைப்படியே சரியான நடத்தை, கம்பைலரைக் குறை சொல்ல முடியாது. தொண்ணூறுகளில் நான் இருந்த இடத்தில் அளவுக் கருவி ஒன்றை மாற்றினார்கள். புதியது வரிக்கு ஒரு பத்தி கூடுதலாக எழுதியது. கடைசிப் பத்தி காற்றழுத்தம், 1013.25 மாதிரி எண்கள். சரியாக அந்த எண்ணின் நடுவில் எண்பதாவது எழுத்து வந்து நின்றது. உள்ளே வந்தது 101. முழுதாகக் காணாமல் போயிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்போம், 101 பார்க்க எண் மாதிரியே இருந்ததால் இரண்டு வாரம் கணக்குச் சமன்பாட்டைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். நிரலை எழுதியவன் நான்தான். அதிலிருந்து வெட்டுப்படுதல் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம், இந்தப் பதில் நீளமாகப் போவதற்கும் அதுதான் காரணம்.

பெரிய மாறி வைப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். உங்கள் ஃபைலில் வரி நிச்சயம் 500-ஐத் தாண்டாது என்றால் 2000 என்று வைத்துவிட்டு, படித்த பிறகு, கடைசி வெற்றிடங்களை விட்டுவிட்டு எண்ணும் லென்_ட்ரிம் கொண்டு உள்ளடக்கத்தின் நீளத்தை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. ஃபோர்ட்ரான் 77-இல் அந்த லென்_ட்ரிம்கூடக் கிடையாது, பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக நடந்து வெற்றிடம் இல்லாத இடத்தைத் தேடுவோம். உங்கள் நிரலில் அப்படி ஒரு சுற்று இருந்தால் இதற்காகத்தான். ஆனால் ஒரு காவல் போடுங்கள்: படித்த வரியின் லென்_ட்ரிம் மாறியின் முழு நீளத்துக்குச் சமமாக வந்தால், வரி வெட்டுப்பட்டிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு நிரலை நிறுத்திவிடுங்கள். வெட்டு சரியாக ஒரு வெற்றிடத்தில் விழுந்தால் இந்தக் காவல் ஏமாறும். இருந்தாலும் பத்துக்கு ஒன்பது தடவை காப்பாற்றும். ஒரு நாள் உபயோகித்துத் தூக்கிப்போடும் நிரலுக்கு இதற்கு மேல் மெனக்கெட வேண்டாம். உங்களுடையது வருடக்கணக்கில் ஓடப்போவது என்பதால் முறையாகவே செய்துவிடலாம்.

முறை இதுதான். ரீட் கூற்றில் அட்வான்ஸ்='நோ' என்று சேர்த்தால், படித்து முடித்ததும் அடுத்த ரெக்கார்டுக்குத் தாவாமல் நிறுத்திய இடத்திலேயே நிற்கும். கூடவே சைஸ்=என் என்று கொடுத்தால், ஃபைலிலிருந்து உண்மையில் எத்தனை எழுத்து வந்தது என்பதை என் என்ற மாறியில் போட்டுக் கொடுக்கும். ஐஓஸ்டாட்=நிலை என்றும் கொடுங்கள். நிலை பூஜ்யமாக வந்தால், கேட்ட அளவு முழுதாக வந்தது, வரி இன்னும் முடியவில்லை அல்லது சரியாக அந்த இடத்தில் நிற்கிறது. ரெக்கார்டு முடிவு வந்தால் எதிர்ம எண், ஃபைல் முடிவு வந்தால் வேறோர் எதிர்ம எண், உண்மையான பிழைக்கு நேர்ம எண். இதில் எதிர்மம், நேர்மம் என்பதும், இரண்டு எதிர்மங்களும் வேறு வேறு என்பதும் தரநிலையிலேயே உறுதி. எந்த எண் என்பது கம்பைலரின் விருப்பம். நான் பார்த்த இரண்டிலும் ஃபைல் முடிவுக்கு -1, ரெக்கார்டு முடிவுக்கு -2. அதை நம்பி நிரலில் -2 என்று எழுதாதீர்கள். ஈஸ்_ஐஓஸ்டாட்_ஈஓஆர், ஈஸ்_ஐஓஸ்டாட்_எண்ட் என்று இரண்டு உள்ளமைந்த சார்புகள் ஃபோர்ட்ரான் 2003 முதல் இருக்கின்றன, அவற்றிடம் கேளுங்கள்.

வளர்கிற மாறியை கேரக்டர்(லென்=:), அலோக்கேட்டபிள் :: வரி என்று டிக்ளேர் செய்ய வேண்டும். அந்த முக்காற்புள்ளிதான் விஷயம், நீளம் பிறகு தீர்மானிக்கப்படும் என்று அதற்குப் பொருள். எதை அதற்குக் கொடுக்கிறீர்களோ அந்த நீளத்துக்கு அது தானே மாறிக்கொள்ளும். ஆனால் இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்: இது சமக்குறி போட்டு மதிப்பு கொடுக்கும்போது மட்டுமே நடக்கும். ரீட் கூற்றில் நேராக இந்த மாறியைக் கொடுத்தால் அது வளராது. இடம் ஒதுக்காத மாறிக்குள் படிக்கச் சொன்னதாகிவிடும், நிரல் கவிழலாம், சில நேரம் கவிழாமல் வெறும் வரியைத் தரலாம். இரண்டாவதுதான் மோசம். ஆகவே நடுவில் நிலையான நீளமுள்ள ஒரு பஃபர் வேண்டும். அதை ஒரு வாளி என்று நினைத்துக்கொள்ளுங்கள். மொண்டு மொண்டு அண்டாவில் ஊற்றுகிறோம், அண்டாதான் வளர்கிறது.

நிரலாகச் சொன்னால் இப்படி வரும். பஃபரை கேரக்டர்(லென்=1024) என்று வையுங்கள். தொடக்கத்தில் வரி = '' என்று வெறும் சரம் கொடுங்கள். பிறகு ஒரு டூ சுற்று. உள்ளே முதல் வேலையாக என் = 0. அடுத்து ரீட்(யூனிட்,'(ஏ)',அட்வான்ஸ்='நோ',சைஸ்=என்,ஐஓஸ்டாட்=நிலை) பஃபர். நிலை நேர்மமாக இருந்தால் அது பிழை, உடனே வெளியே வந்துவிடுங்கள், அப்போது என்-இல் இருப்பதை நம்பக் கூடாது. இல்லையென்றால் வரி = வரி // பஃபர்(1:என்) என்று ஒட்டுங்கள். ரெக்கார்டு முடிவு என்றால் நிலையைப் பூஜ்யமாக்கிவிட்டு வெளியேறுங்கள், ஏனென்றால் அழைத்தவருக்கு அது பிழை அல்ல, ஒரு வரி நல்லபடியாக வந்து சேர்ந்தது என்ற செய்தி. ஃபைல் முடிவு என்றாலும் வெளியேறுங்கள், ஆனால் நிலையை அப்படியே விடுங்கள். வேறெதுவும் இல்லையென்றால் சுற்று தொடரும். வரி மிகச் சரியாக 1024 எழுத்தாக இருந்தால்? முதல் சுற்றில் 1024 வரும், நிலை பூஜ்யம். இரண்டாம் சுற்றில் என் பூஜ்யம், ரெக்கார்டு முடிவு. வெறும் சரத்தை ஒட்டிவிட்டுச் சரியாக வெளியே வரும். பஃபரின் நீளத்தை 1 என்று வைத்தாலும், 7 என்று வைத்தாலும் விடை மாறக் கூடாது. சோதிக்கும்போது நான் முதலில் 7 வைத்துத்தான் ஓட்டுவேன், ஒட்டுகிற இடத்தில் தப்பு இருந்தால் உடனே பல்லிளிக்கும்.

சைஸ் தரும் எண்ணுக்கு இன்னொரு அருமை உண்டு. ட்ரிம் செய்தால் வரியின் கடைசியில் உண்மையாகவே இருந்த வெற்றிடங்களும் போய்விடும். ஃபைலில் இருந்த வெற்றிடம் எது, மாறியை நிரப்பக் கம்பைலர் போட்ட வெற்றிடம் எது என்று ட்ரிம்முக்குத் தெரியாது. சைஸ் ஃபைலில் இருந்ததை மட்டுமே எண்ணும். பத்தி வாரியாக அகலம் பிரித்த ஃபைல்களில் இது முக்கியம். அதே போல ட்ரிம் நீக்குவது வெற்றிடத்தை மட்டும்தான், டேப் எழுத்தை அது தொடாது. வரி காலியா என்று பார்க்க லென்_ட்ரிம் பூஜ்யமா என்று கேட்டுவிட்டு, டேப் மட்டும் இருந்த வரியில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

இப்போது உங்கள் நிரலில் நான் கவனித்த வேறொன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வெட்டுப்படுவதைவிட இது பெரிய ஆபத்து. சில இடங்களில் '(ஏ)' என்பதற்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டுப் படிக்கிறீர்கள். நட்சத்திரம் போட்டால் ஃபோர்ட்ரான் வரியை வரியாகப் பார்க்காது, மதிப்புகளின் பட்டியலாகப் பார்க்கும். வெற்றிடமும் காற்புள்ளியும் அதற்குப் பிரிப்பான்கள். ‘கே.ஆர். புரம்’ என்ற நிலையப் பெயரில் ‘கே.ஆர்.’ மட்டும் வந்து சேரும், ‘புரம்’ அடுத்த மாறிக்குப் போய் அங்கே எண்ணை எதிர்பார்த்தால் பிழை கொடுக்கும். பிழை கொடுத்தால் நல்லதுதான், தெரிந்துவிடும். சாய்கோடு தெரியாது. நட்சத்திர வாசிப்பில் சாய்கோடு என்றால் ‘போதும், இத்தோடு நிறுத்து’ என்று பொருள். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு முழுக்க வெள்ளம் நின்றதே, அந்த நாளின் பதிவு 05/09/2022 என்று தொடங்கினால், தேதி மாறிக்குள் 05 மட்டும் வரும், அதற்குப் பிறகு அந்த வரியில் கேட்ட எந்த மாறியும் தொடப்படாது. பழைய மதிப்பே அப்படியே இருக்கும். அடுத்தடுத்து இரண்டு காற்புள்ளி வந்தாலும் இதே கதைதான்: நடுவில் உள்ள மாறி மாறாமல் முந்தைய வரியின் மதிப்போடு நிற்கும். மானி பழுதான நாளில் பதிவாளர் இடத்தைக் காலியாக விட்டிருப்பார், உங்கள் நிரலோ நேற்றுப் பெய்த மழையே இன்றும் பெய்ததாகக் கூட்டிக்கொள்ளும். இதெல்லாம் தரநிலை சொல்கிற நடத்தை, எந்தக் கம்பைலரிலும் நடக்கும்.

நட்சத்திரத்தின் இன்னொரு குணம், ஐந்து எண் கேட்டு வரியில் மூன்றே இருந்தால் அடுத்த வரிக்குப் போய் மீதி இரண்டை எடுத்துக்கொள்ளும். பத்திகளின் எண்ணிக்கை வரிக்கு வரி மாறுகிற ஃபைலில் இது எல்லாவற்றையும் ஒரு வரி தள்ளிவிடும். அதனால் என் பழக்கம்: முதலில் மேலே சொன்ன முறையில் வரியை முழுதாக, எழுத்தாகப் படிப்பேன். அப்புறம் காற்புள்ளிகளை நானே எண்ணித் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எண்ணாக மாற்றுவேன். எண்ணாக மாற்ற உள் வாசிப்பு இருக்கிறது, ரீட் கூற்றில் யூனிட் எண்ணுக்குப் பதில் அந்தச் சரத்தையே கொடுப்பது. ரீட்(துண்டு,*,ஐஓஸ்டாட்=நிலை) மழை என்று. துண்டு காலியாக இருந்தால் ஃபைல் முடிவு என்று நிலை சொல்லும், நீங்கள் ‘அளவு இல்லை’ என்று குறித்துக்கொள்ளலாம். இங்கே நட்சத்திரம் போட்டால் குற்றமில்லை, அது வரம்பு மீறிப் போக அடுத்த வரி கிடையாது. துண்டில் சாய்கோடு இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபோர்ட்ரான் 2023-இல் சரத்தைத் துண்டு போடவே ஸ்ப்ளிட், டோக்கனைஸ் என்று இரண்டு வந்துவிட்டன. ஆனால் உங்கள் ஆய்வகத்துக் கம்பைலரில் அவை இருக்கும் என்று எண்ணி எழுத வேண்டாம்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலும் உறுதியானது. இனி வருவது கம்பைலரைப் பொறுத்தது, உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதலாவது, கடைசி வரி. ஃபைலின் கடைசி வரிக்குப் பின் வரிமுடிவு இல்லாமல் இருந்தால், சில கம்பைலர்கள் அந்த வரியை ரெக்கார்டு முடிவு என்று சொல்லித் தரும், சில நேராக ஃபைல் முடிவு என்று சொல்லிவிடும். இரண்டாவது வகையில், முடிவு என்று கேட்டதுமே தூக்கி எறிந்தால் கடைசி நாளின் மழை போய்விடும். அதனால்தான் ஒட்டுவதை முதலிலும் முடிவைச் சோதிப்பதைப் பிறகும் வைத்தேன். ஃபைல் முடிவு வந்தபோது வரியின் நீளம் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அதுவும் ஒரு வரிதான், அழைக்கிற இடத்தில் அதைப் பயன்படுத்திவிட்டு நிறுத்துங்கள். சாமர்த்தியமாக நிலையைப் பூஜ்யம் ஆக்கி, அடுத்த அழைப்பில் முடிவைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஃபைல் முடிவைத் தாண்டி மறுபடி படித்தால் ஜிஃபோர்ட்ரான் அதை ஃபைல் முடிவு என்று சொல்லாமல் பிழை என்று சொல்லும்.

இரண்டாவது, விண்டோஸில் உருவான ஃபைல். அங்கே வரிமுடிவுக்கு இரண்டு எழுத்து, லினக்ஸில் ஒன்று. லினக்ஸில் படிக்கும்போது சில கம்பைலர்கள் கூடுதல் எழுத்தைத் தாமே விழுங்கிக்கொள்ளும், சில அதை வரியின் கடைசியில் விட்டுவிடும். திரையில் அச்சடித்தால் கண்ணுக்குத் தெரியாது, சரங்களை ஒப்பிட்டால் மட்டும் சமம் இல்லை என்று வரும். வரியின் கடைசி எழுத்து ஏச்சார்(13), அதாவது அந்தக் கூடுதல் எழுத்து, என்றால் அதை வெட்டிவிடும்படி ரொட்டீனின் இறுதியில் ஒரு வரி சேருங்கள், இருந்தாலும் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை. அதே போல எக்செல்லில் யுடிஎஃப்-8 (யுனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) சிஎஸ்வி என்று சேமித்த ஃபைலின் தொடக்கத்தில் மூன்று பைட் அடையாளம் ஒன்று இருக்கும். முதல் வரியின் முதல் பத்திப் பெயர் மட்டும் பொருந்தவில்லை என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தால் அங்கே பாருங்கள்.

குறிப்புகள் சிலவற்றில் தமிழும் கன்னடமும் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். சாதாரண கேரக்டர் மாறி எண்ணுவது பைட்டுகளை. யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், கன்னடமும் அப்படியே. ‘பெங்களூரு’ என்பதை நாம் ஐந்து எழுத்து என்போம், யுனிகோடில் அது ஒன்பது குறியீடு, லென் சொல்வது 27. உங்கள் வரிகள் எதிர்பார்த்ததைவிட நீளமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். நம் முறையில் பஃபரின் எல்லை ஓர் எழுத்தின் நடுவில் விழுந்தாலும் கவலையில்லை, ஒட்டும்போது பைட்டுகள் பழையபடி சேர்ந்துவிடும். நிலையான 80-இல் வெட்டினால்தான் கடைசியில் கேள்விக்குறிப் பெட்டி வரும். குறியீடு குறியீடாகவே எண்ண வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ 10646 (யுனிகோடு) வகைக் கேரக்டரும், ஓபன் கூற்றில் என்கோடிங்='யுடிஎஃப்-8' என்பதும் இருக்கின்றன. ஜிஃபோர்ட்ரானில் இது கிடைக்கும். உங்கள் வேலைக்கு அது தேவை இல்லை. குறிப்பை அப்படியே எடுத்து வேறு ஃபைலில் எழுதுவதுதான் நோக்கம் என்றால் பைட்டாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

படித்த எல்லா வரிகளையும் நினைவகத்தில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் ஒரு குழி இருக்கிறது. கேரக்டர்(லென்=:), அலோக்கேட்டபிள் :: வரிகள்(:) என்று அணி (அர்ரே) வைத்தால், நீளம் பிறகு தீர்மானிக்கப்படும் என்பது உண்மைதான், ஆனால் அணியில் உள்ள எல்லா உறுப்புகளுக்கும் ஒரே நீளம்தான். வரிக்கு வரி வேறு நீளம் வேண்டுமானால் ஒரு டைப் (நாமே வரையறுக்கும் மாறி வகை) உருவாக்கி, அதற்குள் வளர்கிற சரம் ஒன்றை வைத்து, அந்த டைப்பில் அணி வைக்க வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் அதுதான் வழி. ஆய்வக சர்வர் இன்னும் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் என்று சொல்லியிருந்தீர்கள். அதனுடன் வரும் ஜிஃபோர்ட்ரான் 4.8.5. அந்தக் காலத்து ஜிஃபோர்ட்ரானில் இந்த வளர்கிற சரங்கள், அதுவும் டைப்புக்குள் வைத்தவை, அரைகுறையாகத்தான் இருந்தன. விடை விநோதமாக வந்தால் உங்கள் நிரலைப் பிரித்துப் போடும் முன் புதிய கம்பைலரில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

வேகம் பற்றிக் கொஞ்சம். வரி = வரி // பஃபர்(1:என்) என்பது ஒவ்வொரு முறையும் பழையதை முழுதாக நகலெடுக்கிறது. முந்நூறு எழுத்து வரிக்கு 1024 பஃபர் என்றால் ஒரே மொள்ளலில் முடிந்துவிடும், இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரே வரி பல மெகாபைட் என்றால்தான் உறைக்கும், அப்போது பஃபரைப் பெரிதாக்குங்கள். ஃபைல் முழுவதையும் ஒரே மூச்சில் எடுக்கவும் வழி உண்டு. ஃபோர்ட்ரான் 2003-இல் வந்த அக்செஸ்='ஸ்ட்ரீம்' போட்டு, ஃபார்மட் இல்லாத வகையாக ஃபைலைத் திறந்து, இன்கொயர் மூலம் அளவைக் கேட்டு, அந்த நீளத்துக்கு ஒரு சரத்தை அலோக்கேட் செய்து, ஒரே ரீடில் உள்ளே இழுத்துவிடலாம். பிறகு நியூ_லைன் சார்பு தரும் எழுத்தை இன்டெக்ஸ் கொண்டு தேடிக்கொண்டே போனால் வரிகள் கிடைக்கும். இது ஃபைலை சி மொழிக் கண்ணோடு பார்ப்பது. வேகம் இருக்கிறது, ஆனால் விண்டோஸ் வரிமுடிவு, கடைசி வரி எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அளவு வைக்கும் முழு எண் 64 பிட் வகையாக இருக்கட்டும், சாதாரண முழு எண் 2147483647-இல் நின்றுவிடும். சில நூறு மெகாபைட் வரை எனக்கு இது நன்றாக ஓடியிருக்கிறது. உங்கள் அளவுக்கு வரிவரியாகப் படிப்பதே போதும் என்பது என் அபிப்பிராயம்.

இதையெல்லாம் நானே எழுத வேண்டுமா என்றால், கட்டாயமில்லை. ஃபோர்ட்ரான் ஸ்டாண்டர்ட் லைப்ரரி என்ற திறந்த மூலத் தொகுப்பில் கெட்லைன் என்றே ஒரு ரொட்டீன் இருக்கிறது, இதே வேலையைச் செய்கிறது. அதைச் சேர்த்துக்கொள்ள முடிந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி ‘வெளியிலிருந்து எதுவும் வேண்டாம்’ என்று சொல்லும் ரகமாக இருந்தால் மேலே சொன்ன இருபது வரிகள் போதும். பழைய நிரல்களில் ஃபார்மட்டுக்குள் க்யூ என்று ஓர் எழுத்தைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். வரியில் மீதி எத்தனை எழுத்து என்று சொல்லும், டெக் நிறுவனக் கணினிகளின் காலத்து நீட்டிப்பு அது, இன்டெல் கம்பைலர் இன்னும் அதை ஏற்கும். தரநிலையில் இல்லாததால் புதிதாக எழுதும் நிரலில் வேண்டாம்.

எழுதி முடித்ததும் உங்கள் மழைப் பதிவை ஓட்டும் முன் கையால் ஒரு சிறிய ஃபைல் செய்யுங்கள். முதல் வரி காலி. இரண்டாவது, பஃபர் நீளத்துக்கு மிகச் சரியாகச் சமம். மூன்றாவது, அதைவிட ஒரே ஓர் எழுத்து அதிகம். நான்காவது, கடைசியில் மூன்று வெற்றிடம். ஐந்தாவதில் தமிழில் ஏதாவது, கூடவே சாய்கோடு போட்ட ஒரு தேதி. ஆறாவது வரியை முடிக்கும்போது என்டர் தட்டாமல் சேமியுங்கள். சில எடிட்டர்கள் உதவி செய்வதாக நினைத்துத் தாமே வரிமுடிவைச் சேர்த்துவிடும், அதனால் ஃபைலின் பைட் எண்ணிக்கையை ஒரு தடவை சரிபாருங்கள். பஃபரை 7 வைத்து ஒரு தடவை, 1024 வைத்து ஒரு தடவை ஓட்டி, ஒவ்வொரு வரியின் நீளத்தையும் அச்சடித்துப் பாருங்கள். இரண்டு ஓட்டத்திலும் ஆறு வரிகளுக்கும் ஒரே நீளம் வர வேண்டும். ஏதாவது ஒன்றில் வேறுபட்டால் அந்த வரி எண்ணையும் கம்பைலர் பதிப்பையும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.